எனக் கொள்க

நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பொருள்களுக்கு நிலையான பெயர் இல்லை. காலையில் நாற்காலியாக இருந்தது பத்து மணிக்குப் பேருந்தாகிவிடும், நண்பகலில் மலைக்குகையாகும், மாலையில் மருத்துவமனைக் கட்டிலாகும். ஈர்க்குச்சி ஊசியாகும்; தலையணை நோயாளியாகும். பெரியவர்கள் இதனை நாள்தோறும் பார்க்கின்றனர். பார்த்துப் பழகிவிட்டமையால், இதில் எண்ணிப் பார்ப்பதற்கு ஏதேனும் உண்டு என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. எண்ணுவோரும் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கே வருகின்றனர். ‘பொழுதை வீணாக்கும் விளையாட்டு’ என்பது ஒன்று. ‘இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பொய் பேசப் பழகுகிறது’ என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் பொருந்தாத முடிவுகள் என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. மாணவர்களாகிய உங்களுக்கு இதனை ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் பலருடைய வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ அக்காவின் குழந்தையோ இருக்கக்கூடும். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் பெற்றோராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். ஒரு குழந்தை தன் கற்பனையை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுக்கும் நாள் எப்படியும் வரும். அதனை வாங்கிக்கொள்வதா, தட்டிவிடுவதா என்று அப்போது நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகவும், பின்னர்த் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் குழந்தை உளநூலைத் தேர்வுக்காகப் படித்தோம். அந்நூலில் உள்ளவற்றின் உயிரை என் வீட்டுக் கூடத்தில்தான் கண்டேன். இப்போது என் மகளும், அவளுடைய நான்கு வயது மகனும் எங்களோடு இருக்கின்றனர். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே நாள்தோறும் நடப்பவற்றை அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

கூடத்தில் நான்கு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முதல் நாற்காலியில் பேரன் அமர்ந்திருக்கிறான். கையில் சிறிய எவர்சில்வர் தட்டு. அதுதான் திருப்பும் சக்கரம். ஓட்டுநரும் அவனே, நடத்துநரும் அவனே. கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாள்கள் பயணச் சீட்டுகள். அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு அவசரமாகக் கூடத்தைக் கடக்கிறாள் என் மகள். “அம்மா, டிக்கெட்! எங்கே போகவேண்டும்?” என்று வழிமறிக்கிறான். “சமையலறைக்கு” என்கிறாள் அவள். “இது பாபநாசம் வண்டி. சமையலறையில் நிற்காது.” அவள் ஒரு கணம் அடுப்பைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். “சரி, பாபநாசத்துக்கு ஒன்று கொடுங்கள். வழியில் தோசை வாங்க இறங்கிக்கொள்ளலாமா?” என்றாள். “இரண்டு நிமிடந்தான் நிற்கும்” என்று சீட்டைக் கொடுத்து “ரைட்!” என்றான் அவன்.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் பெரிய செய்திகள் பல அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

இவ்வாற்றல் திடீரென்று ஒரு நாளில் வந்துவிடுவதில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் பிறந்த நாள்தொட்டு உற்றுநோக்கிக் குறிப்பெழுதி வந்தார். குழந்தையின் விளையாட்டையும் கற்பனையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. அதிலே தம் மூத்த மகளைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. அக்குழந்தைக்கு அப்போது வயது ஒன்றே கால். ஓரத்தில் இழைகள் தொங்கும் ஒரு துணி அதன் கண்ணில் பட்டது. தன் தலையணையின் ஓரம் அத்துணியின் ஓரத்தைப் போன்றது என்பது நினைவுக்கு வந்தது போலும். துணியைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரலை வாயில் வைத்துப் படுத்தது, ஆனால் உறங்கவில்லை, சிரித்தது. அந்தச் சிரிப்பே முதன்மையானது. உறங்கும் குழந்தை சிரித்து விளையாடாது; ‘இது உறக்கம் அன்று, உறக்கம் போன்றது’ என்று அறிந்த குழந்தையே அவ்வாறு சிரிக்கும்.

இங்கிருந்து படிப்படியாக வளர்ச்சி நிகழ்கிறது. முதலில் குழந்தை தன் செயலையே நடித்துப் பார்க்கிறது. உண்ணாமல் உண்கிறது, உறங்காமல் உறங்குகிறது. பின்னர் அச்செயலைப் பிறிதொன்றின்மேல் ஏற்றுகிறது, பொம்மைக்குச் சோறூட்டுகிறது. அதன்பின் ஒரு பொருளை வேறொரு பொருளாகக் கொள்கிறது, புளியங்கொட்டை காசாகிறது. மூன்று, நான்கு வயதில் தானே வேறொருவராக மாறி, மற்றவர்களுக்கும் பங்கு கொடுத்து ஒரு முழு உலகையே அமைக்கிறது. பாபநாசம் வண்டி இந்த நான்காம் படியில் ஓடுவது.

இனி, முதல் ஐயத்துக்கு வருவோம். குழந்தைக்கு மெய் எது, கற்பனை எது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து வண்ணம் ஏற்றிய மரச் செப்புகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றுள் ஒரு சிறு கிண்ணத்தில் பேரன் எனக்குக் காப்பி கொண்டுவருவான். நான் ஊதி ஊதிக் குடித்து, “சர்க்கரை கொஞ்சம் குறைவு” என்பேன். உடனே சென்று, இல்லாத சர்க்கரையை இல்லாத கரண்டியால் போட்டுக் கொண்டுவருவான். ஒரு நாள் வேண்டுமென்றே அக்கிண்ணத்தைக் கடிப்பதுபோல் வாயருகே கொண்டுசென்றேன். அவன் பதறி என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, இது சும்மா!” என்றான். நான் மறந்துவிட்டேனோ என்ற கவலை அவனுக்கு!

ஆலன் லெஸ்லி என்னும் உளநூல் அறிஞர் ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தைகளுடன் இத்தகைய தேநீர் விருந்து ஒன்றை நடத்திப் பார்த்தார். வெறும் கோப்பைகள் இரண்டு. இரண்டிலும் தேநீர் ஊற்றுவதுபோல் பாவனை செய்தனர். பின்னர் ஒரு கோப்பையை மட்டும் கவிழ்த்து உதறி, மீண்டும் நிமிர்த்தி வைத்தனர். ‘எது காலியான கோப்பை?’ என்று கேட்டபோது, கவிழ்த்த கோப்பையைக் குழந்தைகள் காட்டின. உண்மையில் இரண்டுமே காலிதான். அதுவும் குழந்தைக்குத் தெரியும். ஆயினும், ஏற்றுக்கொண்ட கற்பனைக்குள் எது காலி என்பதையும் அது தனியே கணக்கு வைத்துக்கொள்கிறது. மெய்யை ஒரு கையிலும் கற்பனையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நடக்கும் இத்திறம், பேச்சே இன்னும் திருந்தாத வயதில் வந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது செய்தி கட்டுப்பாடு பற்றியது. விளையாட்டு என்றால் மனம் போனபடி நடப்பது என்று நாம் கருதுகிறோம். பாபநாசம் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது பேரனுக்குத் தாகம் எடுத்தது. வழக்கமாகத் தண்ணீர் கேட்டால் ஒரு நிமிடமும் பொறுக்காதவன் அவன். ஆனால் அன்று, “ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது தண்ணீர் குடிக்கமாட்டார்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாபநாசம் வந்து சேரும்வரை பொறுத்திருந்தான். அவனுக்கு அந்த விதியை விதித்தவர் யார்? தாய் அல்லள், தாத்தாவும் அல்லர். அவன் ஏற்ற வேடமே அவனுக்கு விதியாயிற்று.

உருசிய நாட்டு உளநூல் அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் இதனையே விளக்கினார். அடுத்த ஆண்டே, 37 வயதில், அவர் மறைந்தார். அச்சொற்பொழிவு 1966இல்தான் அச்சேறியது. மிகச் சிறிய குழந்தையைப் பொருள்களே ஆட்டிவைக்கின்றன என்பது அவர் கருத்து. தண்ணீர்க் குழாய் ‘என்னைத் திருகு’ என்கிறது; குழந்தை திருகுகிறது. அலமாரிக் கதவு ‘என்னை இழு’ என்கிறது, குழந்தை இழுக்கிறது. ஒரு குச்சியை எடுத்து ‘இது குதிரை’ என்று குழந்தை சொல்லும் அன்றுதான் இந்த அடிமைத்தனம் தளரத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிவது குச்சி. ஆனால் குழந்தை நடந்துகொள்வது குதிரையை எண்ணி. பொருளிலிருந்து பொருளின் கருத்து பிரிந்து நிற்கிறது. கண்டதற்கு ஏற்ப நடந்த உயிர், கருதியதற்கு ஏற்ப நடக்கத் தொடங்குகிறது. அவ்வாறு கருதியதே பின்னர் அதன் நடத்தைக்கு விதியாகவும் அமைகிறது.

1940களில் சோவியத் நாட்டில் ஓர் ஆய்வு நடத்தினர். சிறு குழந்தைகளை அசையாமல் நிற்கச் சொன்னால் சிறிது நேரமே நின்றனர். ‘நீ காவல் வீரன், காவல் நிற்கிறாய்’ என்று விளையாட்டாக்கியபோது அதே குழந்தைகள் நெடுநேரம் அசையாமல் நின்றனர். ‘சும்மா இரு’ என்று நாள்தோறும் நூறு முறை கூறும் நாம், அந்த நூறில் பத்தையேனும் விளையாட்டாக மாற்றிப் பார்க்கலாம் அல்லவா?

மூன்றாவதாக, குழந்தை தன் துன்பத்தை ஆற்றிக்கொள்ளும் வழியும் இதுவே. தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த நாளில் என் பேரன் வீட்டிலுள்ள தலையணைகளுக்கெல்லாம் ஊசி போட்டான். “கொஞ்சந்தான் வலிக்கும், அழக்கூடாது, முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது” என்று செவிலியின் சொற்களை அப்படியே சொன்னான். மருத்துவமனையில் ஊசி அவனுக்கு நேர்ந்த ஒன்று. வீட்டில் அது அவன் செய்யும் ஒன்று. 1920இல் வெளிவந்த நூல் ஒன்றில் சிக்மண்ட் பிராய்டு தம் பேரனின் விளையாட்டைக் குறித்திருக்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தை அது. நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைத் திரையிட்ட கட்டிலுக்குள் எறிந்து மறையச் செய்யும். பிறகு நூலைப் பிடித்து இழுத்து, கட்டை வெளிப்பட்டதும் மகிழும். தாய் வெளியே செல்வதும் திரும்பி வருவதும் குழந்தையின் கையில் இல்லை. கட்டை போவதும் வருவதும் அதன் கையில் இருந்தன.

இனி, பொய் என்னும் குற்றச்சாட்டைப் பார்ப்போம். இது சிறிய செய்தியன்று. ஒரு குழந்தைக்குப் ‘பொய்யன்’ என்று பெயரிட்டுவிட்டால், அப்பெயர் பல ஆண்டுகள் அக்குழந்தையோடு நடக்கும். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன், “நேற்று இரவு எங்கள் அப்பா யானைமேல் வந்தார்” என்று வகுப்பில் கூறினான். பிள்ளைகள் நகைத்தனர். அவனோ விடாமல், யானையின் நிறத்தையும் மணியோசையையும் சொன்னான். வகுப்பாசிரியை அவனைப் பெஞ்சின்மேல் நிற்கச் செய்து, ‘பொய் சொல்கிறான், கண்டிக்கவும்’ என்று குறிப்பேட்டில் எழுதியனுப்பினார். மறுநாள் காலை அச்சிறுவனின் தாய் குறிப்பேட்டோடு என் அறைக்கு வந்து நின்றார். அவரால் பேச இயலவில்லை.

நான் சிறுவனை அழைத்து, “யானைக்கு என்ன தின்னக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டேன். “கரும்பு சார். அப்பாவே ஒரு கட்டு கொண்டுவந்தார்” என்றான். “அந்த யானையை நானும் பார்க்கலாமா?” என்றேன். அவன் சற்றுத் தயங்கினான். பின்னர்த் தாழ்ந்த குரலில், “முடியாது சார். அது நான் நினைத்துக்கொண்ட யானை” என்றான். தாய் அப்போதுதான் வாய் திறந்தார். தந்தை வடநாட்டுக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரவில் சாலையில் லாரி ஒலி எழுப்பும்போதெல்லாம் சிறுவன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவானாம்.

வகுப்பாசிரியை நல்லவர், வயதில் இளையவர். செய்தி அறிந்ததும் தாமே அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, சிறுவனிடம் வண்ணக் கட்டிகளைக் கொடுத்து யானையை வரையச் சொன்னார். யானையும், அதன்மேல் லாரி ஓட்டுநரின் காக்கிச் சட்டையோடு ஒரு மனிதரும் வகுப்புச் சுவரில் ஓராண்டு இருந்தனர். நகைத்த பிள்ளைகளே அந்த யானைக்குப் பெயர் வைத்தனர்.

பொய்க்கும் கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை இதிலிருந்து எளிதில் அறியலாம். பொய் ஒன்றை மறைப்பதற்காகச் சொல்லப்படுவது. கற்பனை ஒன்றைக் காட்டுவதற்காகச் சொல்லப்படுவது. ‘கண்ணாடியை நான் உடைக்கவில்லை, பூனைதான் உடைத்தது’ என்று அச்சத்தால் சொல்வது முதல் வகை. அங்கும் அடியைவிட அச்சத்தைப் போக்குவதே சிறந்த மருந்து. ‘மொட்டைமாடியில் புலி இருக்கிறது, வந்து பார்’ என்பது இரண்டாம் வகை. அதற்கு வேண்டியது தண்டனை அன்று, துணை. ‘அப்பா யானைமேல் வந்தார்’ என்பதோ ஏக்கம். யானை என்னும் சொல்லால் அச்சிறுவன் அப்பா என்றே சொன்னான். எந்த வகை என்று அறிய விரும்புவோர் சினந்து கேட்காமல், ‘அந்தப் புலி என்ன செய்கிறது?’ என்று ஆர்வத்தோடு கேட்டால் போதும். குழந்தையே உண்மையைச் சொல்லிவிடும்.

இவையெல்லாம் மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரங்கள் கொண்ட சிறுதேரை உருட்டுகின்றனர். அத்தேரில் குதிரை பூட்டப்படவில்லை என்பதையும் புலவர் மறவாமல் குறிக்கிறார். குதிரையைப் பூட்டியது சிறுவரின் நெஞ்சம் அன்றோ! பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் அம்புலிப் பருவம் என ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைத்து, நயமாகவும் மிரட்டியும் நான்கு உபாயங்களாலும் பேசுவது அப்பருவம். வானத்து நிலவு வாராது என்பதை அறியாதவரா புலவர்? அறிந்தே அழைக்கிறார். குழந்தையின் உலகுக்குள் பெரியவர் ஒருவர் அறிந்தே அடியெடுத்து வைப்பதைத் தமிழ் ஓர் இலக்கியப் பருவமாகவே வகுத்து வைத்திருக்கிறது.

அவ்வாறு அடியெடுத்து வைப்பது எப்படி? என் மகளிடம் நான் கண்டதையே கூறுகிறேன். ஒரு நாள் காலை, பள்ளி வண்டி வர அரை மணி நேரமே இருக்கும்போது, “நான் பூனை, பூனை குளிக்காது” என்றான் பையன். ‘நீ பூனை இல்லை, வா’ என்று இழுத்துச் சென்றிருந்தால் அழுகையும் குளியலும் சேர்ந்து நடந்திருக்கும். அவள், “உண்மைதான், பூனை குளிக்காது. ஆனால் இந்தப் பூனைக்கு இன்று பள்ளிக்கூடத்தில் கல்யாணச் சாப்பாடு இருக்கிறதே!” என்றாள். பூனை சிறிது நேரம் எண்ணிப் பார்த்தது. பிறகு நான்கு காலால் குளியலறைக்கு நடந்தது. அவள் அவன் விதியை முறிக்கவில்லை. அவ்விதிக்குள் ஒரு வழியைக் கண்டாள். எல்லா நாளும் இதற்கு நேரம் இராது. நேரமில்லாத நாளில், “இன்று பூனைக்கு விடுமுறை, மாலையில் வரட்டும்” என்று அவள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். மாலையில் பூனையை மறவாமல் அழைக்கவும் செய்வாள். மறுப்பதிலும் ஒரு மதிப்பு உண்டு.

இதில் தவிர்க்க வேண்டியன இரண்டு. ஒன்று, விளையாட்டைப் பெரியவர் கைப்பற்றிக்கொள்வது. குழந்தை பேருந்து ஓட்டும்போது, ‘பாபநாசத்துக்கு முன் என்ன ஊர்? எழுத்துக் கூட்டு பார்க்கலாம்’ என்று தொடங்கினால் அங்கே விளையாட்டு முடிந்தது, வகுப்பு தொடங்கிவிட்டது. குழந்தை கொடுக்கும் பங்கை ஏற்பதே நம் பங்கு. மற்றொன்று, குழந்தையின் கற்பனையை அதற்கெதிராகவே பயன்படுத்துவது. ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்’ என்று சொல்கிறோம். குழந்தை தானே படைத்த புலி ‘சும்மா’ என்று அதற்குத் தெரியும். ஆனால் தாயும் தந்தையும் உறுதியாகச் சொன்ன பூச்சாண்டி ‘சும்மா’ என்று எப்படித் தெரியும்? குழந்தை நம்மை நம்புகிறது; அந்த நம்பிக்கையை அச்சமாக மாற்றுவது அறமாகாது.

நண்பர்களே, இப்போது உங்கள் வகுப்பறைக்கு வருகிறேன். எழுத்துக் கணக்கைத் தொடங்கும்போது, ‘கூடையிலுள்ள மாம்பழங்களின் எண்ணிக்கையை எக்ஸ் எனக் கொள்க’ என்று கரும்பலகையில் எழுதுவேன். “எக்ஸ் மாம்பழம் என்று உலகில் உண்டா சார்?” என்று ஆண்டுதோறும் ஒரு மாணவனேனும் கேட்பான். “நீ சிறுவயதில் புளியங்கொட்டையைக் காசாகக் கொண்டதில்லையா? இப்போது எழுத்தை எண்ணாகக் கொள்” என்பேன். முகம் தெளியும். வடிவியலில் இன்னும் வியப்பான ஒன்றைச் செய்கிறோம். இரு கோடுகள் சந்திக்கமாட்டா என்று நிறுவுவதற்காக, ‘அவை சந்திப்பதாகக் கொள்வோம்’ என்று தொடங்குகிறோம். பொய்யென்று நாம் கருதும் ஒன்றை மெய்யெனக் கொண்டு, அதன் விதிப்படியே இறுதிவரை நடந்து, முரண்பாட்டைக் கண்டு திரும்புகிறோம். கவிழ்த்த கோப்பையைக் ‘காலி’ என்று காட்டிய குழந்தை செய்ததும் இதுவன்றோ? ஐன்ஸ்டைன் தமது 16ஆம் வயதில், ஓர் ஒளிக்கதிரை அதே விரைவில் துரத்திச் சென்றால் என்ன காண்போம் என்று எண்ணிப் பார்த்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அதுவும் ஒரு ‘கொள்வோம்’தான்.

இதனால், பேருந்து ஓட்டிய பிள்ளைகளெல்லாம் கணித மேதைகளாவர் என்று நான் சொல்ல வரவில்லை. பாவனை விளையாட்டு அறிவையும் படைப்பாற்றலையும் வளர்க்கிறது என்பதற்கான சான்றுகளை ஏஞ்சலின் லில்லார்ட் என்னும் அறிஞரும் உடன் ஆய்ந்தவர்களும் 2013இல் தொகுத்து ஆராய்ந்து, அவை நாம் நினைக்கும் அளவு வலுவுடையன அல்ல என்று எழுதினர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தை பாவனையைவிட உண்மையான வேலையையே விரும்புகிறது என்று கருதினார். அதிலும் உண்மை உண்டு. செப்பில் சமைக்கும் குழந்தைக்குப் பட்டாணி உரிக்கவும் கொடுத்துப் பாருங்கள், எத்துணை மகிழ்ச்சியோடு உரிக்கும்! ஆகவே, மதிப்பெண் தரும் மருந்தாக விளையாட்டை நான் பரிந்துரைக்கவில்லை. ‘எனக் கொள்க’ என்னும் மனித ஆற்றல் முதலில் தலைகாட்டும் இடம் அது என்பதும், அது குழந்தைப் பருவத்தின் உரிமை என்பதுமே என் கருத்து.

உரிமை என்ற சொல்லை அலங்காரமாகச் சொல்லவில்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாடும் உரிமையைக் குழந்தைக்கு வழங்குகிறது. நம் நாடு 1992இல் அதில் இணைந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்வி விளையாட்டை ஒட்டி அமையவேண்டும் என்கிறது. ஆயினும், மூன்று வயதுக் குழந்தை மாலையில் வீட்டுப்பாடத்தோடு அமர்ந்திருப்பதையும், உண்பதற்குக் கைப்பேசித் திரையைக் காட்டுவதையும் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். திரையில் புலி முழுதாக வருகிறது. குழந்தை சேர்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மொட்டைமாடிப் புலிக்கோ வாலிலிருந்து உறுமல்வரை எல்லாவற்றையும் குழந்தையே தரவேண்டும்.

இந்தப் பருவம் நீண்டதன்று. ஏழு, எட்டு வயதுக்குள் விளையாட்டின் போக்கு மாறி, விதிகளுடைய ஆட்டங்கள் முன்னே வருகின்றன. கற்பனை அழிவதில்லை, அது உள்ளே சென்றுவிடுகிறது. வாய்விட்டுச் சொன்னது மனத்துக்குள் சொல்லப்படுகிறது. அதன்பின் யாரும் நாட்காட்டித் தாளைக் கிழித்து நமக்குச் சீட்டாகக் கொடுக்கமாட்டார்கள்.

ஆகையால் உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். வீட்டிலுள்ள குழந்தை தன் ஆட்டத்துக்கு உங்களை அழைக்கும்போது, பாடமோ வேலையோ இருந்தால் அதை மெய்யாகச் சொல்லுங்கள். வருவதாகச் சொன்ன நேரத்தில் தவறாது செல்லுங்கள். நேரமிருந்தால், புத்தகத்தில் ஓர் அடையாளத் தாளை வைத்துவிட்டுச் சீட்டைப் பெற்றுக்கொண்டு ஏறுங்கள். வண்டி எங்கே போகிறது என்பதை ஓட்டுநரே சொல்லட்டும்.